வீட்டில் யோசித்த கருவிக்குக் காப்புரிமை வாங்க முடியுமா?

சென்னைக்காரரான நீங்கள் இரண்டு யோசனைகளைச் சொல்லியிருக்கிறீர்கள்: சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) காலியானதும் மோட்டாரை நிறுத்தும் கருவி, பேருந்தில் முதியவர்கள் ஏறுவதற்கான மடக்குப்படி.

வெறும் யோசனைக்குக் காப்புரிமை கிடையாது. அது இயங்கும் விதத்துக்குத்தான் கிடைக்கும். மின்னணுச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவில் வாங்கிய மிதவை சுவிட்சையும் ரிலேயையும் (மின்னிணைப்பைத் தானாகத் துண்டிக்கும் சாதனம்) இணைத்தால் மட்டும் போதாது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், தனித்தனியே தம் வேலையைச் செய்யும் பழைய கருவிகளைச் சேர்த்து வைப்பதைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை (பிரிவு 3). தவிர, இத்தகைய கருவிகள் ஏற்கெனவே கடையில் விற்கின்றன. நானாக இருந்தால் அதை விட்டுவிடுவேன்.

மடக்குப்படியில் சரக்கு இருக்கிறது. படி வெளியே நீண்டிருக்கும்போது பேருந்து நகராமல் எது தடுக்கும்? மழைநீர் தேங்கிய சாலையில் அது என்னவாகும்? நடைபாதை உயரம் இடத்துக்கு இடம் மாறுகிறதே? இவற்றுக்கு நீங்கள் காணும் விடையில்தான் புதுமை இருக்கும். முதலில் காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடல் தளத்தில் பழைய விண்ணப்பங்களைப் புரட்டுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பணம் மிச்சம்.

பிறகு தற்காலிக விவரக்குறிப்புடன், அதாவது கண்டுபிடிப்பைப் பற்றிய முதற்கட்ட விளக்கத்துடன், விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பு தர வேண்டும். விண்ணப்பத்தை ஆராயும்படி அலுவலகத்தைக் கேட்கும் பரிசோதனைக் கோரிக்கைக்குத் தனியாக 4,000 ரூபாய். உங்களுக்காக விண்ணப்பத்தைக் கவனிக்கக் காப்புரிமை முகவர் வைத்தால் அவருடைய கட்டணம் இவற்றை எளிதில் விஞ்சிவிடும். தமிழ்நாட்டு விண்ணப்பங்களைக் கவனிக்கும் அலுவலகம் கிண்டியிலேயே இருக்கிறது.

விண்ணப்பிக்கும் முன் யூடியூபில் செயல்முறையைக் காட்டிவிடாதீர்கள். கண்டுபிடிப்பு புதியதல்ல என்பதற்கு உங்கள் வீடியோவே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும்.