பல்செட்டின் மெத்தை இறுகிப்போவது ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. கீழ்ப் பல்செட் ஈறை உறுத்தியதால் அடியில் மெத்தென்ற லைனிங் போட்டார்கள். மூன்றே மாதத்தில் கட்டையாகிவிட்டது. புதிதாகப் போட்டு மேலே கோட்டிங் அடித்தால் மிருது நீடிக்கும், தனிச் செலவாகும் என்கிறார் டாக்டர். பலன் உண்டா? எங்கள் உப்புத் தண்ணீர்தான் காரணமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: போட்டது அக்ரிலிக்கா (பிளாஸ்டிக் வகை), சிலிக்கானா (ரப்பர் போன்றது) என்று முதலில் கேளுங்கள். இவ்வளவு சீக்கிரம் இறுகியதைப் பார்த்தால் அக்ரிலிக்காகத்தான் இருக்கும். அப்படியென்றால் அந்தச் செலவு வீண் இல்லை.

அக்ரிலிக் பவுடரோடு கலக்கும் திரவத்தில் உள்ள பிளாஸ்டிசைசரும் ஆல்கஹாலும்தான் லைனிங்கை இளக்கி வைக்கின்றன. எச்சிலிலும், இரவில் ஊறவைக்கும் தண்ணீரிலும் இவை கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போகும். போகப் போக லைனிங் இறுகும். கோட்டிங் அந்தக் கசிவைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. மேற்பரப்பும் வழவழப்பாவதால் களித் துணுக்கு ஒட்டிக்கொள்வது குறையும். சிலிக்கானில் கசிய பிளாஸ்டிசைசர் இல்லை. அக்ரிலிக் கோட்டிங் அதில் ஒட்டவும் ஒட்டாது, உரிந்துவிடும்.

அடிக்கும் விதம்தான் முக்கியம். கோட்டிங் காய்ந்தால் அதுவே கடினமான படலம். தடிமனாக அடித்தால் மெத்தை மேல் ஓடு போட்டதுபோல் விறைத்து, மெல்லும்போது வெடிக்கும். லைனிங்கைக் கழுவி நன்றாக உலர்த்தி, ஓரங்களையும் சேர்த்து மெல்லிசாகப் பூச வேண்டும். விரலில் பிசுக்கு ஒட்டாத அளவு காய்ந்த பிறகே வாயில் வைக்கலாம். கோட்டிங்கில் இறுகாமல் மிஞ்சும் மோனோமர் என்ற மூலத்திரவம் ஈறை எரிக்கும். லைனிங் 2 முதல் 3 மில்லிமீட்டர் கனம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதைவிட மெல்லிசாக இருந்தால் எந்தக் கோட்டிங்கும் உறுத்தலைத் தீர்க்காது. வீட்டில் நகப்பாலிஷ், உடனடி ஒட்டுப்பசை எதையும் தயவுசெய்து தடவாதீர்கள்.

உப்புத் தண்ணீர் லைனிங்கை இறுக்காது. வெள்ளைப் படிவு படிந்து சொரசொரப்பாகும், அவ்வளவுதான். ஒகேனக்கல் குடிநீர் வந்தால் அதில் ஊறவையுங்கள். நம் தருமபுரி மாவட்டத்துத் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு சொந்தப் பல்லைக் கறையாக்கும், பல்செட்டை ஒன்றும் செய்யாது. கெடுப்பது வெந்நீர்தான்: கசிவை வேகப்படுத்திவிடும். நுரைக்கும் மாத்திரையும் அக்ரிலிக் லைனிங்கை அரிக்கும். பச்சைத் தண்ணீர், மென்மையான பிரஷ், கொஞ்சம் சோப்பு போதும்.

வாரம் ஒருமுறை விரல்நுனியால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி எழும்பாவிட்டாலோ, ஓரம் உரிந்தாலோ, கோட்டிங் மேல் கோட்டிங் அடிக்கச் சொல்லாதீர்கள். லைனிங்கையே மாற்றச் சொல்லுங்கள்.