ஓனரே இல்லாத சோஷியல் மீடியாவா?

கே: பாலாற்றின் பழைய படங்களைப் போட்டு ஒரு பக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காரணமே சொல்லாமல் முடக்கிவிட்டார்கள். "மாமா, மாஸ்டோடானுக்கு வந்துடுங்க, அங்கே ஓனரே கிடையாது" என்கிறான் அக்கா மகன். போகலாமா? – ஒரு வாசகர், காட்பாடி

ப: மாப்பிள்ளை சொன்னதில் பாதி சரி. ஒரே பெரிய ஓனருக்குப் பதிலாக அங்கே ஆயிரக்கணக்கான சின்ன ஹவுஸ் ஓனர்கள். மாஸ்டோடான் 2016-ல் ஜெர்மனியில் யூஜன் ராச்கோ எழுதி இலவசமாக விட்ட, ட்விட்டர் மாதிரி தளம் நடத்துவதற்கான மென்பொருள், அதை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் சர்வரில் (எப்போதும் இணையத்தில் இருக்கும் கணினி) ஓட்டலாம், ஜிமெயிலில் இருந்து யாஹூவுக்கு மெயில் போகிற மாதிரி ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். முகவரிகூட மெயில் மாதிரிதான், உங்க பெயர், அப்புறம் சர்வர் பெயர்.

வளர்ச்சி என்று பார்த்தால், அது கோபத்தில் வருகிற கூட்டம். 2019 நவம்பரில் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கை முடக்கியதும் நம் ஊர் ஆட்கள் நிறைய பேர் மாஸ்டோடானில் கணக்கு தொடங்கினார்கள். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கினார், அடுத்த ஓரிரு மாதங்களில் மாஸ்டோடானை மாதம் ஒரு தடவையாவது திறப்பவர்கள் 25 லட்சத்தைத் தொட்டார்கள், அப்புறம் அதில் ஒரு பெரிய பங்கு கழன்றுகொண்டது. காரணம் சிம்பிள்: சொந்தக்காரர், சிநேகிதர் யாரும் அங்கே இல்லை.

போங்கள், ஆனால் சர்வரைப் பார்த்துச் சேருங்கள். யார் நடத்துகிறார், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அவர்களின் அறிமுகப் பக்கத்திலேயே பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் வேறு சர்வருக்கு மாறலாம், பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. அதனால் பாலாற்றுப் படங்களின் ஒரிஜினல் எப்போதும் உங்க ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். இன்னொன்று, அங்கே தனிச்செய்தி என்று அனுப்புவதை சர்வர் நடத்துபவர் நினைத்தால் படிக்க முடியும். வங்கி விவரம், வீட்டுச் சண்டை எல்லாம் வேண்டாம்.

கே: ப்ளூஸ்கையும் இதே கதைதானா? – ஒரு வாசகி, ஆம்பூர்

ப: நோக்கம் ஒன்று, வழி வேறு. 2019-ல் ட்விட்டருக்குள்ளேயே தொடங்கிய திட்டம், பிறகு தனி நிறுவனமானது. 2024 ஆகஸ்ட் கடைசியில் பிரேசில் எக்ஸ் தளத்தை (ட்விட்டரின் புதுப் பெயர்) தடை செய்ததும் அங்கிருந்து ஒரு அலை, நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிந்ததும் இன்னொரு அலை, கணக்குகள் 2 கோடியைத் தாண்டின. பழகுவதற்கு மாஸ்டோடானைவிட சுலபம். ஆனால் பெரும்பாலான கணக்குகள் அந்த ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன, பரவலாக்கம், அதாவது ஒரே கையில் இல்லாமல் பல சர்வர்களில் பிரிந்திருப்பது என்பது இப்போதைக்குப் பெரும்பாலும் வாக்குறுதிதான்.

கே: நம்ம வேலூருக்கே தனி சர்வர் வைத்தால்? காலேஜ் பசங்க நாலு பேர் தயாராக இருக்கிறோம். – ஒரு மாணவர், சத்துவாச்சாரி

ப: தாராளமாக. மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்தால் தொடங்கிவிடலாம். பிற சர்வர்களின் படங்களும் வீடியோக்களும் உங்கள் டிஸ்கில் வந்து குவியும், அவ்வப்போது துடைக்கவில்லை என்றால் நிரம்பி நின்றுவிடும். இது சின்னத் தலைவலி. ஊர் ஆட்கள் சேர்ந்தால் ஊர்ச் சண்டையும் சேர்ந்து வரும், ஆபாசப் படம், சாதி வசவு என்று புகார் வரும், நடத்துபவர் என்ற முறையில் சட்டப் பொறுப்பும் உண்டு. நாலு பேரும் வேலை கிடைத்து பெங்களூர் போன பிறகு, நடுராத்திரியில் வரும் புகாரை எழுந்து பார்ப்பது யார் என்று முதலில் முடிவு பண்ணுங்க, அப்புறம் டொமைன் (சர்வருக்கான இணையப் பெயர்) வாங்கலாம்.