அப்பாவிடம் ஆய்வுப் படிவம்: கையெழுத்துப் போடும் முன்

சிறுநீரகக் கல் வலியில் துடிக்கும் அப்பாவிடம் பெங்களூரு மருத்துவமனையில் வலி மருந்து ஆய்வுக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், படிவம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது, மறுத்தால் சிகிச்சை தள்ளிப்போகுமோ என்று கேட்டிருந்தீர்கள். தள்ளிப்போகக் கூடாது. 2019 மருந்து ஆய்வு விதிகளின்படி அவருக்குப் புரிகிற மொழியில் விளக்கியாக வேண்டும். தமிழ்ப் படிவம் கேளுங்கள், மழுப்பினால் வேண்டாமென்று சொல்லிவிட்டு வழக்கமான சிகிச்சையைத் தொடங்கச் சொல்லுங்கள். சரி, சேர்வதென்றால், ஆய்வு மருந்துக்கு வலி கேட்கவில்லையென்றால் எத்தனை நிமிடத்தில் மாற்று மருந்து தருவீர்கள் என்று அழுத்திக் கேளுங்கள். பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து 10 வரை வலிக்கு மார்க் போடச் சொல்லித்தான் அதை முடிவு செய்வார்கள், நம்ம ஊர் அப்பாக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு 'பரவாயில்லை, 3' என்பார்கள், அப்படிக் குறைத்துச் சொல்ல மட்டும் விடாதீர்கள். அப்புறம், இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடான சிடிஆர்ஐ-யில் இந்த ஆய்வுக்குள்ள பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள், மருந்து ஆய்வுகளுக்கு அது 2009 முதல் கட்டாயம்.