"என்னால உங்க லீவு வீணாகக் கூடாது"

கேள்வி: வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். அடுத்த மாதம் அம்மாவுக்கு (68) திருச்சியில் முட்டி மாற்று ஆபரேஷன். எனக்கு 9 நாள்தான் லீவு. டிஸ்சார்ஜ் அன்றே பிள்ளைகளுக்கு மலைக்கோட்டை, சித்தன்னவாசல் குடைவரைகளைக் காட்டிவிட்டு ஊர் திரும்பலாம் என்று திட்டம். அம்மா காரிலேயே இருந்துகொள்வார். "என்னால உங்க லீவு வீணாகக் கூடாது" என்று அவரே சொல்லிவிட்டார். நடவுக்குப் போய் என்னைப் படிக்கவைத்தவர், வலி தாங்குவார். எதை முதலில் பார்ப்பது வசதி?

பதில்: தம்பி, எதை முதலில் பார்ப்பது என்பது இருக்கட்டும். இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. ஊர் மாறும், வியாதி மாறும், "அம்மாவே சொல்லிவிட்டார்" மட்டும் மாறாது. அவர் சொன்னதை நீங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது மன்னிப்புக் கேட்பதாகத்தான் காதில் விழுகிறது. தன் முட்டி தேய்ந்ததற்குப் பெற்ற பிள்ளையிடம் ஒரு தாய் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? "9 நாள்தான், 9 நாள்தான்" என்று போனில் எத்தனை தடவை சொன்னீர்கள்? குறுவைக்கும் சம்பாவுக்கும் சேற்றில் குனிந்து நின்று தேய்ந்த முட்டி அது. அந்தக் கூலியில் படித்தவர், "வலி தாங்குவார்" என்று எழுதலாமா?

சித்தன்னவாசல் திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டைப் பக்கம். உங்கள் ஊர் கிழக்கே. நீங்கள் அங்கே அறிவர் கோயில் என்கிற சமணக் குடைவரையில் ஓவியம் பார்த்து, சமணத் துறவிகள் தங்கிய ஏழடிப்பட்டம் குகைக்கு ஏறி இறங்கும்வரை, தையல் போட்ட காலோடு அவர் காரில் கிடக்க வேண்டும். கழிப்பறைக்கு யாரைக் கூப்பிடுவது என்று பயந்து தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டால் வீங்கும். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அடிக்கடி வாக்கரைப் பிடித்து நடக்கச் சொல்கிறார்கள்.

முட்டி மாற்று பொதுவாக அவசர ஆபரேஷன் இல்லை. டாக்டரிடம் பேசி, மூன்று நான்கு வாரம் லீவு கிடைக்கும் மாதத்துக்குத் தேதியை மாற்றுங்கள். தையல் பிரிக்கவே ஏறக்குறைய 2 வாரம் ஆகும். காலை மடக்கி நீட்டும் பயிற்சியை அந்த நாட்களில் விட்டால் முட்டி இறுகிப்போகும். வலியில் அவர் "நாளைக்குச் செய்யறேன்" என்பார். பக்கத்தில் இருந்து செய்யவைக்க வேண்டியவர் நீங்கள். மனைவி தலையில் கட்டிவிட்டு நழுவாதீர்கள்.

பிள்ளைகள் பாவம், அவர்கள் பார்க்கட்டும். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ஒருநாள் காலையில் உங்கள் மனைவி மலைக்கோட்டைக்குக் கூட்டிப் போகட்டும். உச்சிப் பிள்ளையார் வரை 400-க்கும் மேற்பட்ட படிகள். மேலே பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் குடைவித்த லலிதாங்குரக் குடைவரையில், கங்கையைச் சடையில் ஏற்கும் சிவன் இருக்கிறார். "பூமியில் நின்றபடி சோழ நாட்டின் வளத்தையும் காவிரியையும் எப்படிப் பார்ப்பேன்?" என்று சிவன் கேட்டதாகவும், அதனால் அரசன் மலையில் கோயில் எடுத்ததாகவும் அங்கே கல்வெட்டு உண்டு. காவிரிக்கரைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டிய கதை. நீங்கள் அன்றைக்கு ஆஸ்பத்திரியை விட்டு நகர வேண்டாம்.

அடுத்த வருஷம், டாக்டர் சரி என்றால், அம்மாவையும் கூட்டிப் போங்கள். அடிவாரத்தில் பாண்டியர் காலத்துக் கீழ்க்குடைவரை இருக்கிறது. சிவனுக்கும் திருமாலுக்கும் எதிரெதிரே சன்னதி. உச்சிவரை ஏற வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடத்திப் போகலாம்.

அதெல்லாம் அப்புறம். இன்று ராத்திரி போன் போட்டு, "லீவு எடுக்கறதே உனக்காகத்தாம்மா" என்று சொல்லுங்கள். சொன்ன கையோடு டிக்கெட்டை மாற்றுங்கள்.