நர்சிங்கில் டாக்டரேட், அதுவும் ஆன்லைனில்: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் டெக்சாஸில் ஒரு மருத்துவமனையில் டெலிமெட்ரி (நோயாளிகளின் இதயத் துடிப்பை மானிட்டரில் கண்காணிக்கும்) வார்டில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அங்கே பிஎஸ்சி நர்சிங் முடித்து, என்கிளெக்ஸ் என்ற அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வு எழுதி, இங்கே வந்து 11 வருடம் ஆகிறது. போன வருடம் ஆன்லைனிலேயே எம்எஸ்என் (நர்சிங் முதுகலை) முடித்தேன், நிர்வாகப் பிரிவு. இப்போது டிஎன்பி (டாக்டர் ஆஃப் நர்சிங் பிராக்டிஸ்) என்ற டாக்டரேட் சேரலாமா என்று ஓர் எண்ணம். போனைத் திறந்தாலே ‘நூறு சதவீதம் ஆன்லைன்’ என்று விளம்பரம் வருகிறது. வீட்டுக்காரர், “படித்தால் சம்பளம் கூடுமா?” என்கிறார். பையன் இன்னும் 2 வருடத்தில் காலேஜ் போகிறான், அதனால் அவர் கேட்பதும் நியாயம்தான். அம்மா, “அப்போ நீ டாக்டர் ஆயிடுவியா?” என்று கேட்டார்கள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆன்லைன் டாக்டரேட்டை யாராவது மதிப்பார்களா? ஊருக்குத் திரும்பினால் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்த உதவுமா? எந்தப் பல்கலைக்கழகம் நல்லது? எனக்கு வயது 43. பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நான் சேர்ந்தபோது எனக்கு வயது 46. எனவே வயதைப் பற்றிய கேள்வியை இதோடு விட்டுவிடலாம்.

அம்மாவுக்கு இப்படிச் சொல்லுங்கள்: “டாக்டர் பட்டம் வாங்குவேன், ஆனால் நர்ஸாகவே இருப்பேன்.” பிஎச்டி படிப்பவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி செய்கிறார். டிஎன்பி படிப்பவர், ஏற்கெனவே கண்டுபிடித்து நிரூபித்த ஒன்று ஏன் தன் வார்டில் நடக்கவில்லை என்று பார்த்து, அதை நடக்க வைக்கிறார். அமெரிக்காவில் இந்தப் பெயரில் முதல் படிப்பு 2001-ல் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2004-ல் நர்சிங் கல்லூரிகளின் சங்கமான ஏஏசிஎன், 2015-க்குள், நோயாளியைப் பரிசோதித்து மருந்தும் எழுதும் நர்ஸ் பிராக்டிஷனர் போன்ற உயர்நிலைப் பணிகளுக்கெல்லாம் இதுவே நுழைவுப் படிப்பாக வேண்டும் என்றது. அது நடக்கவில்லை. இன்றைக்கும் நர்ஸ் பிராக்டிஷனர் உரிமத்துக்கு முதுகலைப் பட்டம் போதும். மயக்க மருந்து நர்ஸுகள் மட்டும் விதிவிலக்கு, 2022 முதல் அந்தப் படிப்பில் புதிதாகச் சேர்கிறவர்கள் டாக்டரேட் அளவில்தான் சேர முடியும். மருத்துவமனைக்குள் நர்ஸ் தன்னை ‘டாக்டர்’ என்று சொல்லிக்கொள்வதற்குச் சில மாநிலங்களில் சட்டக் கட்டுப்பாடும் இருக்கிறது. நான் நோயாளியிடம் பெயரைச் சொல்லி, “நான் நர்ஸ்” என்றுதான் சொல்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் பலர் முகத்தில் ஒரு நிம்மதி வரும், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சரி, எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டீர்கள். அதற்கு முன்னால் நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வார்டில் எதைப் பார்த்தால் உங்களுக்கு மனசு பொறுக்கவில்லை?

காரணம் இருக்கிறது. ‘நூறு சதவீதம் ஆன்லைன்’ என்பது பாடங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். டிஎன்பி முடிக்க, பிஎஸ்சிக்குப் பிறகான பயிற்சி நேரம் மொத்தம் 1000 மணி இருக்க வேண்டும் என்பது பல பள்ளிகள் வருடக்கணக்கில் பின்பற்றிவந்த கணக்கு. எம்எஸ்என்-னில் செய்ததைக் கழித்துக்கொள்வார்கள். அதில் 500 மணி கணக்கு வந்தால் மீதி 500. 15 வாரம் வீதம் 4 செமஸ்டர் என்று வைத்தால் வாரத்துக்கு 8 மணிக்கு மேல் வருகிறது, உங்கள் டியூட்டி நேரத்துக்கு வெளியே. உங்களுடையது நிர்வாகப் பிரிவு என்பதால் எத்தனை மணி தேறும் என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம் பிராஜெக்ட். அதை ஏதாவது ஒரு மருத்துவமனையில், அங்குள்ள ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ள, நேரில்தான் செய்ய வேண்டும். அந்த இடத்தையும், பயிற்சியை மேற்பார்வை பார்க்கும் ப்ரிசெப்டரையும் நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் பல்கலைக்கழக நர்சிங் பள்ளிகள் நிறைய. விளம்பரத்தில் இது இருக்காது.

என் கதையைச் சொல்கிறேன். நான் விளம்பரம் பார்த்துத்தான் சேர்ந்தேன். கட்டணத்தைப் பார்த்தேன், எத்தனை மாதம் என்று பார்த்தேன், பிராஜெக்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாவது செமஸ்டரில், எனக்கு அனுமதி தருவதாகச் சொன்ன மேனேஜர் வேலையை விட்டுப் போனார். புதிதாக வந்தவருக்கு என்னையும் தெரியாது, என் பிராஜெக்டும் தெரியாது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இடையிலான ஒப்பந்தத் தாள் யாரோ ஒருவர் மேசையில் 4 மாதம் கிடந்தது. பள்ளியில் கேட்டால் “இடம் உங்கள் பொறுப்பு” என்று ஒரே பதில். ஒரு செமஸ்டர் முழுக்கப் பணம் கட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். நைட் டியூட்டி முடிந்து வந்து, தூங்காமல் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்த அந்த மாதங்களை என்னால் மறக்க முடியவில்லை. உங்களுக்கு அது நேரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆனால் அதே பிராஜெக்ட்தான் எனக்கு இந்தப் படிப்பின் மேல் மரியாதையைக் கொடுத்தது. இதயச் செயலிழப்பு நோயாளிகள் டிஸ்சார்ஜ் ஆகும்போது நாம் சொல்லிக் கொடுப்போமே, அதுதான் என் பொருள். தினமும் காலையில் எடை பாருங்கள், ஒரு நாளில் 2, 3 பவுண்டோ ஒரு வாரத்தில் 5 பவுண்டோ கூடினால் உடனே போன் பண்ணுங்கள். தாளைக் கொடுப்போம், “புரிந்ததா?” என்போம், தலையாட்டுவார்கள், கையெழுத்து வாங்குவோம். சில வாரத்தில் கால் வீங்கி, மூச்சு வாங்க, அதே ஆள் திரும்பி வருவார். “புரிந்ததா?” என்று கேட்காமல், “நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்” என்று கேட்கும் முறை ஒன்று உண்டு. டீச்-பேக் என்பார்கள். புதிது இல்லை, புத்தகத்தில் எப்போதோ ஏறிவிட்டது. எங்கள் வார்டில் யாரும் செய்யவில்லை, நானும்தான்.

முதல் வாரம் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். “நாளைக் காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்லச் சொன்னார், வீட்டில் எடை பார்க்கும் மெஷினே இல்லை என்று. இதே வார்டிலிருந்து மூன்று முறை டிஸ்சார்ஜ் ஆனவர். மூன்று முறையும் அந்தத் தாளில் அவர் கையெழுத்து இருந்தது. ஒரு முறை அதை வாங்கியவள் நான்.

கடைசியில் எங்கள் டிஸ்சார்ஜ் படிவத்தில் ஒரு வரி சேர்ந்தது: வீட்டில் எடை மெஷின் இருக்கிறதா? இல்லையென்றால் இங்கிருந்தே ஒன்று கொடுத்து அனுப்ப ஏற்பாடு. இதற்கு நிர்வாகம் சம்மதித்ததற்குக் காரணம் உண்டு. 2012 அக்டோபரிலிருந்து, 30 நாளுக்குள் நோயாளிகள் அளவுக்கு மீறித் திரும்பி வந்தால், முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் அந்த மருத்துவமனைக்குத் தரும் தொகையைக் குறைக்கிறது. 3 சதவீதம் வரை போகலாம். இதயச் செயலிழப்பு முதல் நாளிலிருந்தே அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்களுக்கு மனசு உறுத்தும் ஒன்று, நிர்வாகத்துக்குச் செலவு வைக்கும் ஒன்றாகவும் இருந்தால் கதவு சீக்கிரம் திறக்கும். டெலிமெட்ரியில் இருக்கிறீர்கள், மானிட்டர் ஓயாமல் அடித்து அடித்து யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போவது உங்களுக்குத் தெரியாததா!

எனவே முதலில் பிரச்சினை. இரண்டாவது, அதைச் செய்ய உங்களை விடக்கூடிய ஒருவர், அவர் போய்விட்டால் இன்னொருவர். மூன்றாவதுதான் பள்ளி. நர்சிங் படிப்புகளை மதிப்பிடும் சிசிஎன்ஈ அல்லது ஏசிஈஎன் அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா, டெக்சாஸில் வசிப்பவரைச் சேர்க்கும் அனுமதி அதற்கு இருக்கிறதா, ப்ரிசெப்டர் கிடைக்காவிட்டால் பள்ளி என்ன செய்யும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு பள்ளி பாருங்கள். ஆன்லைன் என்பதால் மதிப்பு குறையுமோ என்ற பயம் வேண்டாம். அங்கீகாரம் உள்ள பள்ளியென்றால் இங்கே யாரும் அப்படிப் பிரித்துப் பார்த்து நான் கண்டதில்லை. பிராஜெக்டில் என்ன செய்தாய் என்றுதான் நேர்காணலில் கேட்டார்கள்.

வீட்டுக்காரருக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள். அதே வார்டில் அதே ஷிப்டில் நின்றால் சம்பளம் பெரிதாக ஏறாது. கல்வி, தர மேம்பாடு, நர்சிங் நிர்வாகம் என்று நகர்ந்தால்தான் வித்தியாசம் தெரியும். முதுகலைக்குப் பிறகான டிஎன்பிக்குப் பெரும்பாலும் 30 முதல் 40 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு). மருத்துவமனை படிப்புச் செலவு கொடுத்தால் வருடத்துக்கு 5250 டாலர் வரை வரி கிடையாது. அந்தத் தொகைக்குள் அடங்குகிற மாதிரி பாடங்களைப் பிரித்து, மெதுவாகப் படியுங்கள். பையன் காலேஜுக்குப் போகும் நேரத்தில் இதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

ஊர் விஷயத்தில்தான் நான் உங்களை நிறுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அங்கே கல்லூரியில் மேலே போகப் பார்க்கப்படுவது பிஎச்டி, டிஎன்பி அல்ல. அதோடு, வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து எட்டெக் (ஆன்லைன் கல்வி) கம்பெனிகள் நடத்தும் ஆன்லைன் பிஎச்டி செல்லாது என்று இந்திய உயர்கல்வி அமைப்புகளான யுஜிசியும் ஏஐசிடிஈயும் 2022-ல் எச்சரித்தன. அதே வருடம் வந்த யுஜிசி விதிமுறையும் பிஎச்டியைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்கிறது. உங்களுடையது வேறு பட்டம்தான், ஆனாலும் ஆன்லைன் டாக்டரேட் என்றதும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். ஊரில் பாடம் நடத்துவதுதான் உங்கள் ஆசை என்றால், எந்தக் கல்லூரி என்று மனதில் இருக்கிறதோ அங்கே கேட்டு எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். பதில் சாதகமாக இல்லையென்றால், அங்கேயே நேரில் பிஎச்டி செய்வதைப் பற்றி இப்போதே யோசியுங்கள்.

அடுத்த நைட் டியூட்டியில் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘இது இப்படி நடக்கக்கூடாதே’ என்று தோன்றும்போதெல்லாம் நேரத்தையும் விஷயத்தையும் ஒரு வரியில் குறியுங்கள். ஒரு மாதம் போதும். எது அதிகம் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அதற்குள் டெக்சாஸ்காரர்களைச் சேர்க்கும் பள்ளிகளில் யார் ப்ரிசெப்டர் தேடித் தருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தவர்களிடம் விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா