உடைஞ்ச ஊசிக்குக் கணக்கு இருக்கு

கேள்வி: 2013ல பங்களாதேஷ்ல நடந்த ராணா பிளாசா விபத்துக்கு அப்புறம், தொழிலாளர் நலன் பரிசோதிக்கப்பட்டதுன்னு சான்றிதழ் வச்சிருக்கிற கம்பெனி துணியத்தான் தேடித் தேடி வாங்கறேன். இது போதுமா? வாங்கறவங்க வேற என்ன செய்யணும்?

பதில்: என்ன செய்யணும்ங்கறதுக்குக் கடைசில வர்றேன். மொதல்ல அந்த 'விபத்து'. இந்த ஒரு சொல்லோட நான் பல வருஷமா சண்டை போட்டுட்டு இருக்கேன், இன்னிக்கும் போடத்தான் போறேன், கோவிச்சுக்காதீங்க.

அகராதிய எடுத்துப் பாத்தா விபத்துன்னா கேடு, ஆபத்துன்னுதான் இருக்கும். ஆனா நாம இப்ப அந்தச் சொல்ல எடுத்தாலே யாரும் எதிர்பாக்கல, யார் மேலயும் தப்பு இல்லன்னு ஆயிடுது. ராணா பிளாசால என்ன நடந்துச்சு? டாக்கா பக்கத்துல சவார்ல 8 மாடிக் கட்டடம். கடைகளுக்குன்னு கட்டினது, மேல் மாடிங்க அனுமதி இல்லாம ஏத்தினது, அதுல அஞ்சு கார்மென்ட்ஸ் கம்பெனி, ஆயிரக்கணக்குல தையல் மிஷின், மேல கனமான ஜெனரேட்டருங்க. 2013 ஏப்ரல் 23ஆம் தேதி தூண்லயும் செவுத்துலயும் விரிசல் விட்டுச்சு, டிவிக்காரங்க வந்து படமே எடுத்துட்டுப் போனாங்க, பாக்க வந்த இன்ஜினியர் இது ஆபத்துன்னுட்டார். கீழ இருந்த பேங்க் தன் ஆளுங்கள வரவேண்டாம்னுடுச்சு. தையல்காரங்கள மட்டும் மறுநாள் காலைல வரச் சொன்னாங்க, வரலன்னா சம்பளத்தப் புடிச்சிடுவோம்னு. வந்தாங்க. கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் ஓட ஆரம்பிச்சுது, ஒம்போது மணி ஆகறதுக்குள்ள மொத்தக் கட்டடமும் படுத்துடுச்சு. 1,134 பேர்.

ஒரே கட்டடம், ஒரே விரிசல். பேங்க்ல கணக்கு எழுதறவருக்கு லீவு கெடச்சுது, காலர் தைக்கிற பொண்ணுக்குக் கெடைக்கல. ஏன்னா அவ கைல இருந்த பீஸுக்கு ஒரு ஷிப்மென்ட் தேதி இருந்துச்சு. இதுக்குப் பேர் விபத்தா?

அந்த வாரம் எங்க ஆபீஸ்ல தலைப்பு வைக்கறதுல பெரிய ரகளை. செய்திப் பிரிவு நண்பர் ஒருத்தர் 'கட்டட விபத்தில் நூற்றுக்கணக்கானோர் பலி'ன்னு போட்டார். நான் கேட்டேன், பலின்னா குடுக்கறவன் ஒருத்தன் இருக்கணுமே, வாங்கிக்கற சாமி ஒண்ணு இருக்கணுமே, அவங்க எங்க இந்தத் தலைப்புலன்னு. தலைப்புல இடம் பத்தாதுன்னார். இன்னிவரைக்கும் அந்த விஷயத்துல எங்களுக்குள்ள ஒத்துப்போகல. நம்ம பாஷைல 'பலியானார்கள்', 'உயிரிழந்தனர்', 'இடிந்து விழுந்தது', 'தீ பிடித்தது'ன்னு வினைச்சொல் எல்லாம் தானா நடக்கற மாதிரியே கெடக்கு. கூப்பிட்டவன், பூட்டினவன், தேதி குறிச்சவன், ரேட்டக் கொறச்சவன் ஒருத்தனும் வாக்கியத்துக்குள்ள வர்றதில்ல. பத்திரிகைல வேலைக்குச் சேர்ற பசங்ககிட்ட நான் மொதல்ல சொல்றது இதுதான்: எழுவாயத் தேடுங்க.

பூட்டினவன்னு சொன்னேன்ல, அதையும் சொல்லிடறேன். 1911 மார்ச் 25, நியூயார்க், ட்ரையாங்கிள் கம்பெனி, ஒரு கட்டடத்தோட 8, 9, 10ஆவது மாடில பொண்ணுங்க போடற பிளவுஸ் தைச்சுட்டு இருந்தாங்க. பெரும்பாலும் குடியேறி வந்த இளம்பொண்ணுங்க. சாயங்காலம் எட்டாவது மாடில தீ. பத்தாவது மாடில இருந்த முதலாளிங்களுக்கு போன்ல தகவல் போச்சு, மொட்டை மாடி வழியா தப்பிச்சாங்க. ஒம்போதாவது மாடிக்கு யாரும் சொல்லல. அங்க ஒரு கதவு பூட்டி இருந்துச்சு, வேலைய முடிச்சுட்டுப் போறவங்க துணி கினி திருடிட்டுப் போறாங்களான்னு பைய சோதிக்கறதுக்கு எல்லாரையும் ஒரே வழியாத்தான் அனுப்புவாங்க. தீயணைப்பு ஏணி ஆறாவது மாடிக்குத்தான் எட்டுச்சு. 146 பேர் செத்தாங்க. கதவு பூட்டியிருந்தது முதலாளிங்களுக்குத் தெரியும்னு நிரூபிக்க முடியலன்னு அந்த வருஷமே விடுதலை. அதுல ஒருத்தர் 1913ல தன்னோட இன்னொரு கம்பெனில வேலை நேரத்துல கதவப் பூட்டி மறுபடியும் மாட்டினார், அபராதம் 20 டாலர்.

101 வருஷம் கழிச்சு, 2012 நவம்பர் 24, டாக்காவுக்கு வெளிய தஸ்ரீன்னு ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரில தீ. அலாரம் அடிச்சிருக்கு, எழுந்தவங்கள உக்காருங்க, ஒண்ணுமில்ல, வேலையப் பாருங்கன்னு அனுப்பிட்டாங்க, வெளிய போற வழி பூட்டியிருந்துச்சு. குறைஞ்சது 112 பேர். கண்டம் மாறியிருக்கு, நூத்தாண்டு மாறியிருக்கு, பூட்டு மட்டும் அப்படியே இருக்கு.

இப்ப உங்க சான்றிதழ். கராச்சில அலி என்டர்பிரைசஸ்னு ஒரு கம்பெனி. 2012 ஆகஸ்ட்ல அதுக்கு எஸ்ஏ 8000ங்கற சர்வதேச சான்றிதழ் கெடச்சுது, பாதுகாப்பு உட்பட எல்லாம் சரின்னு. சில வாரம் கழிச்சு செப்டம்பர் 11ஆம் தேதி தீ. ஜன்னலுக்குக் கம்பி, வெளிய போற வழி அடைப்பு, 250 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அந்தத் தீய மாமூல் கேட்டு மிரட்டின கும்பல் வச்சுதுன்னு 2020ல கோர்ட் சொன்னது எனக்குத் தெரியும். தீய வச்சவன் வேற, சரி. ஆனா வெளிய ஓட வழி இருந்திருந்தா அத்தனை பேர் உள்ள நின்னு எரிஞ்சிருப்பாங்களா? அங்க தைச்சதுல பெரும்பகுதிய வாங்கினது ஜெர்மனியோட கிக் நிறுவனம். பாதிக்கப்பட்டவங்க 4 பேர் ஜெர்மனில டார்ட்மண்ட் கோர்ட் வரைக்கும் போனாங்க, 2019ல காலம் கடந்துடுச்சுன்னு தள்ளுபடி ஆச்சு. ராணா பிளாசால இருந்த அஞ்சு கம்பெனில ரெண்ட ஆடிட் பண்ணித்தான் இருந்தாங்க, கட்டடம் உறுதியா இருக்கான்னு பாக்கறது எங்க வேலைல வராதுன்னு அப்புறம் சொன்னாங்க.

இந்த ஆடிட்டு நடக்கற விதமே கோளாறு. பெரும்பாலும் தேதி முன்னாடியே தெரியும், ஆடிட்டருக்கு காசு குடுக்கறது பல இடத்துல அந்த ஃபேக்டரியேதான். வர்றவர் ஒருநாளோ ரெண்டு நாளோ இருப்பார். அதுக்குள்ள சம்பள ரெஜிஸ்டர் ரெண்டாயிடும், ஒண்ணு நெஜம், ஒண்ணு காட்டறதுக்கு. ஓவர்டைம் எத்தனை மணி நேரம்னு கேட்டா இப்படிச் சொல்லணும்னு லைன்ல உக்காந்திருக்கறவங்களுக்கு முந்தின நாளே பாடம் நடக்கும், சூப்பர்வைசர் கண்ணு முன்னாடி கேள்வி கேட்டா யாரு வாயத் தொறப்பா? அவசர ஆர்டரு வந்தா அது பட்டியல்லயே இல்லாத இன்னொரு சின்ன யூனிட்டுக்கு ஜாப் ஒர்க்குக்குப் போயிடும், ஆடிட்டர் அந்தத் தெருப்பக்கமே போகமாட்டார்.

எனக்குத் தாங்கவே முடியாத ஒரு விஷயம் இருக்கு. ஒரு ஏற்றுமதி ஃபேக்டரில தையல் லைன் ஓரமா ஒரு நோட்டப் பாத்தேன். ஊசி உடைஞ்சா எழுதற நோட்டு. மிஷின்ல ஊசி உடைஞ்சா அந்தப் பொண்ணு கைய நிறுத்திட்டு உடைஞ்ச துண்டு அத்தனையும் பொறுக்கணும், முனை, நடு, தண்டு எல்லாத்தையும் சேத்து வச்சு முழு ஊசி ஆகுதான்னு பாத்து, தேதி, நேரம், மிஷின் நம்பர் எழுதி அந்தப் பக்கத்துலயே செல்லோடேப் போட்டு ஒட்டணும், அப்பத்தான் புது ஊசி தருவாங்க. ஒரு துண்டு கெடைக்கலன்னா மிஷினச் சுத்தி இருக்கற பீஸ் எல்லாம் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். பக்கம் பக்கமா ஊசிங்க, பூச்சிய ஒட்டி வச்ச மாதிரி வரிசையா. பையர், அதாவது ஆர்டர் குடுக்கற பிராண்டு, போட்ட ரூல் இது, நல்ல ரூல், ஒரு கொழந்தை சட்டைல ஊசி முனை இருந்துடக்கூடாதுல்ல. யாரும் ஏமாத்தறதில்ல, ஏன்னா ஏமாத்தினா ஆர்டர் போயிடும்.

அந்த நோட்ட மனசுல வச்சுக்கிட்டு இதப் படிங்க. தஸ்ரீன் எரிஞ்சப்பவும் ராணா பிளாசா விழுந்தப்பவும் எங்க துணி அங்க தைக்கலன்னு சொன்ன பிராண்டுங்க இருந்தாங்க, எங்களுக்குத் தெரியாம சப் கான்ட்ராக்ட் போயிடுச்சுன்னாங்க. தொழிற்சங்கத்துக்காரங்களும் பத்திரிகைக்காரங்களும் இடிபாட்டுக்குள்ள தேடி, துணில தைச்ச லேபிளயும் ஆர்டர் பேப்பரயும் எடுத்துக் காட்ட வேண்டி வந்துச்சு. மூணு மில்லிமீட்டர் ஊசி முனை எந்த மிஷின்ல எத்தனை மணிக்கு உடைஞ்சுதுன்னு கேட்டு வாங்கத் தெரிஞ்சவங்களுக்கு, தன் ஆர்டர் எந்தக் கட்டடத்துல இருந்துச்சுன்னு தெரியாதாம். தெரிஞ்சுக்கணும்னா எல்லாம் தெரியும். தெரியாம இருந்தா நஷ்டம்னு ஆகணும், அவ்வளவுதான்.

அப்படி ஆக்கின ஒண்ணு இருக்கு, அது சான்றிதழ் இல்ல, ஒப்பந்தம். ராணா பிளாசா விழுந்து மூணு வாரத்துல, 2013 மே மாசம், பங்களாதேஷ் அக்கார்டுன்னு ஒண்ணு போட்டாங்க. ஒரு பக்கம் பிராண்டுங்க, 200க்கு மேல சேந்தாங்க. எதிர்ப்பக்கம் தொழிற்சங்கங்க. கையெழுத்து போட்டா சட்டப்படி கட்டுப்படணும். சுமார் 1,600 ஃபேக்டரில இன்ஜினியருங்க போய்ப் பாத்தாங்க, அறிக்கை எல்லாரும் படிக்கற மாதிரி வெளிய வந்துச்சு, பூட்டற கதவக் கழட்டணும், தீ தாங்கற கதவு போடணும், அதுக்குக் காசு இல்லன்னா ஏற்பாடு பண்றது பிராண்டோட பொறுப்பு. ஆபத்தான கட்டடத்துக்குள்ள போகமாட்டேன்னு சொல்ற உரிமை தொழிலாளிக்கு, அதுக்காக சம்பளம் போகாது. ஏப்ரல் 24ஆம் தேதி காலைல இந்த ஒரு வரி இல்லாமத்தான் அத்தனை பேர் உள்ள போனாங்க. ஒத்துக்கிட்டத செய்யலன்னு சங்கங்க ஒரு பிராண்டு மேல வழக்கு எடுத்தப்ப 2018 ஜனவரில 23 லட்சம் டாலருக்கு அது இறங்கி வந்துச்சு. சான்றிதழ் குடுத்தவன்கிட்டயோ வாங்கினவன்கிட்டயோ இப்படி ஒரு காசு வாங்க முடியுமா? இதே வழில 2019ல ஆப்பிரிக்க நாடான லெசோத்தோல, 2022ல திண்டுக்கல்ல, வேலை இடத்துல பொண்ணுங்களுக்கு நடக்கற பாலியல் தொல்லைக்கு எதிரா பிராண்டுங்களயும் சேத்துக் கட்டிப்போட்ட ஒப்பந்தங்க வந்துச்சு. எல்லாத்துலயும் எதிர்ல உக்காந்து கையெழுத்து போட்டது சங்கம். அதனாலதான் சங்கம்னு பேச்செடுத்தவங்கள மொத ஆளா வெளிய அனுப்பறாங்க.

அக்கார்டால கூலி ஏறலன்னு எழுதப் போறீங்க. ஏறல, உண்மைதான், அது வேற போர். பையர் ரேட்ட வருஷா வருஷம் இறுக்குவார், டிசைன கடைசி நேரத்துல மாத்துவார், தேதிய மாத்தமாட்டார், லேட்டானா பிடித்தம், சரக்கு போய் ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் காசு. அந்த இறுக்கம் அப்படியே கீழ எறங்கி ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸுங்கற டார்கெட்டா லைன்ல வந்து நிக்கும், பாத்ரூம் போற நேரத்தக் கூட எண்ணுவாங்க. 2020ல கொரோனா வந்தப்ப இது வெட்டவெளிச்சமாச்சு: பங்களாதேஷ்ல மட்டும் 300 கோடி டாலர் அளவுக்கு ஆர்டர நிறுத்தி வச்சாங்க, ரத்து பண்ணினாங்க, அதுல தைச்சு முடிச்சு அட்டைப்பெட்டில போட்டதும் இருந்துச்சு. துணியும் நூலும் ஃபேக்டரி காசு. ஒரே மெயில்ல அந்த மாச சம்பளம் காணாமப் போச்சு. அந்த பிராண்டுங்க வெப்சைட்ல அன்னிக்கும் தொழிலாளர் நலக் கொள்கை இருந்துச்சு.

சரி, உங்க கேள்வி. சான்றிதழ் பாத்து வாங்கறது தப்பில்ல, போதாது. பங்களாதேஷ் துணியே வேண்டாம்னு ஒதுக்காதீங்க, அந்த நாட்டு ஏற்றுமதில 80 சதவீதத்துக்கு மேல துணிதான், ஆர்டர் போனா மொதல்ல வேலை போறது அந்த லைன்ல இருக்கறவங்களுக்குத்தான், அவங்க யாரும் நம்மள அப்படிக் கேக்கல. வெலை ஜாஸ்தி துணி நல்ல துணின்னும் நெனைக்காதீங்க, ஒரே லைன்ல காலைல வெலை கொறைஞ்ச லேபிளும் மத்தியானம் காஸ்ட்லி லேபிளும் ஓடும், கூலி ரெண்டுக்கும் ஒண்ணேதான்.

நீங்க வழக்கமா வாங்கற பிராண்டுக்கு மூணு வரில ஒரு மெயில் போடுங்க. உங்க துணி தைக்கற ஃபேக்டரிங்க பேரும் முகவரியும் எங்க வெளியிட்டிருக்கீங்க? பங்களாதேஷ் அக்கார்டோட தொடர்ச்சியா வந்த இன்டர்நேஷனல் அக்கார்டுல கையெழுத்து போட்டிருக்கீங்களா? 2020ல ரத்து பண்ணின ஆர்டருக்குக் காசு குடுத்தீங்களா? 'நாங்கள் தொழிலாளர் நலனில் உறுதியாக உள்ளோம்'னு ரெடிமேட் பதில் ஒண்ணு வரும், அத வச்சு விட்டுடாம, மூணு கேள்விக்கும் தனித்தனியா பதில் வேணும்னு திருப்பி எழுதுங்க. பட்டியல் வெளியிட முடியாது, வியாபார ரகசியம்னு சொல்லுவாங்க. நைக்கி 2005லயே வெளியிட்டுடுச்சு, யாரும் கடைய மூடலன்னு சொல்லுங்க.

வர்ற பதில எனக்கு அனுப்புங்க, பிராண்டு பேரோட இதே பக்கத்துல போடறேன். தலைப்ப நானே வைக்கறேன்.