ஊருக்குள்ள இன்னொரு ஊரு

வணக்கம் தம்பி,

மாயவரத்துலேர்ந்து எழுதறேன். பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கிறா. எப்பப் பாத்தாலும் கையில இங்கிலீஷ் கதைப் புஸ்தகம், லண்டன், நியூயார்க் நடுத்தெருவுல சூனியக்காரி, ரத்தக் காட்டேரி, ஓநாய் மனுஷன்னு எல்லாம் ஒரே தினுசு. அர்பன் ஃபேண்டஸியாம். தமிழ்ல நல்ல நாவலா வாங்கிக் கொடுத்தா ரெண்டு பக்கத்துல மூடி வெச்சுடறா. போன வாரம் கணக்கு நோட்டு கடைசிப் பக்கத்துல நம்ம ஊரு மேப் போட்டு அங்கங்க கதவு வரைஞ்சு வெச்சிருந்தா, பாத்ததும் பக்குன்னு ஆயிடுச்சு. நெஜத்தை விட்டு ஓடறாளா? அப்படி என்னதான் இருக்கு அதுல? காதல் கண்றாவியெல்லாம் வேற வருதாமே. பேரு போட வேணாம்.

வணக்கம்க்கா,

ஓடலக்கா. ஓடணும்னா ராஜா, டிராகன்னு முழுசா வேற உலகத்துல நடக்கற கதைக்குப் போயிருப்பா, அதுவும் எக்கச்சக்கமா கிடைக்குது. இவ புடிச்சிருக்கறது நேர் எதிர். இந்தக் கதைங்கள்ல ஊரு மாறாது, பஸ்ஸு, ரயில்வே ஸ்டேஷன், போலீஸ் எல்லாம் இருக்கறபடியே இருக்கும், ஆனா அதுக்குள்ளயே இன்னொரு ஊரு இருக்கும், சில பேரு கண்ணுக்குத்தான் தெரியும்.

2005ல ரிக் ரியோர்டன் எழுதின பெர்சி ஜாக்சன் முதல் புத்தகத்துல ஒரு பன்னெண்டு வயசுப் பையன் நியூயார்க் எம்பயர் ஸ்டேட் பில்டிங்ல நுழைஞ்சு 600வது மாடிக்குப் போகணும்பான். கட்டடத்துல இருக்கறதே 102 மாடி. அப்படி ஒரு மாடியே இல்லன்னு வாட்ச்மேன் சொல்வாரு, அப்புறம் விஷயம் புரிஞ்சதும் ஒரு கார்டைக் குடுப்பாரு, லிஃப்ட்ல அதைச் சொருகினா மேல கிரேக்க சாமிங்க இருக்கற ஒலிம்பஸ். இதைவிட எனக்கு முக்கியமாப் படறது அந்தப் பையன். டிஸ்லெக்சியா இருக்கறதால எழுத்து கூட்டிப் படிக்க வராது, ஒரு எடத்துல உக்கார முடியாது, ஸ்கூல் ஸ்கூலா வெளிய அனுப்பிட்டாங்க. உன் மூளை பழைய கிரேக்க எழுத்துக்குன்னே அமைஞ்சது, உன் துறுதுறுப்பு சண்டைல உயிரைக் காப்பாத்தற துறுதுறுப்புன்னு கதை அவனுக்குச் சொல்லுது. இதே ரெண்டு பிரச்சனையும் இருந்த தன் மகனுக்குச் சொன்ன கதையைத்தான் ரியோர்டன் நாவலா எழுதினாரு. வகுப்புல ஒதுக்கப்படற பிள்ளைக்கு இதைப் படிக்கும்போது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு. பதினாறு வயசுல ஊருக்குள்ள ஒரு மறைஞ்ச ஊரு நெஜமாவே தெரிய ஆரம்பிக்குதுக்கா. எந்த வீட்ல தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க, அப்பா யாரைப் பாத்தா சைக்கிளை விட்டு இறங்கறாரு, எந்தத் தெருவுல பொண்ணுங்க தனியாப் போகக் கூடாதுங்கறாங்க, இதுக்கெல்லாம் யாரும் காரணம் சொல்றதில்ல, முட்டி மோதித்தான் தெரிஞ்சுக்கணும். நல்ல அர்பன் ஃபேண்டஸி நாவல்ல அந்த மறைஞ்ச ஊருக்கு சட்டம் உண்டு, யாரு எங்க நுழையலாம், குடுத்த வாக்கை மீறினா என்ன ஆகும்னு தெளிவா இருக்கும், அந்த சட்டம் அநியாயமா இருந்தா எதுத்து நிக்கறதுக்கும் அவ வயசுல ஒருத்தி இருப்பா. பிள்ளைங்க ராத்திரி கண்ணு முழிச்சுப் படிக்கறது இதுக்குத்தான்னு நான் நம்பறேன்.

நம்ம பக்கத்துக்கு இது புதுசும் இல்ல. பூம்புகார் உங்களுக்கு ஒரு பஸ்ஸு தூரம். சிலப்பதிகாரத்துல இந்திரவிழவு ஊரெடுத்த காதைங்கற அத்தியாயத்தைப் பாருங்க, கடைவீதியும் மீன் விக்கறவங்களும் நெசவு செய்யறவங்களும் நெறைஞ்ச அதே பூம்புகார்ல நாற்சந்தியில ஒரு பூதம் நிக்குது, பொய்சாட்சி சொல்றவன், புறம் பேசறவன், அரசனுக்குத் துரோகம் பண்ற அமைச்சன், போலிச் சாமியார் எல்லாரையும் பாசக்கயித்தால கட்டி அடிச்சுத் தின்னுடுவேன்னு நாலு காதம் கேக்கற மாதிரி சத்தம் போடுது. இன்னொரு மன்றத்துல ஒரு பாவை, வாயே திறக்காது, அரசன் நீதி தவறினா கண்ணீர் மட்டும் விடும். வாங்கிக் குடுத்த நாவலை மூடினவகிட்ட இந்தக் காதையை மட்டும் உரையோட குடுத்துப் பாருங்க. அடுத்து மணிமேகலை. சின்னப் பொண்ணு, பின்னாடியே சுத்தற இளவரசன், தூக்கிட்டுப் போற தெய்வம், வேற உருவம் எடுக்க மந்திரம். அவ படிக்கறதுல இருக்கறது பாதி இதுலயும் இருக்கு.

பென் ஆரோனோவிச் 2011ல எழுதின ரிவர்ஸ் ஆஃப் லண்டன்ல தேம்ஸ் நதி ஒரு நைஜீரிய அம்மா, லண்டனுக்குள்ள ஓடற சின்னச் சின்ன ஆறுங்க அவ பொண்ணுங்க, அதுல டைபர்ன், ஃப்ளீட்னு சில ஆறு நெஜத்துல லண்டன் ரோட்டுக்கு அடியில சாக்கடையா மூடிக் கிடக்குது. படிச்சப்போ எனக்கு உங்க ஊரு காவேரிப் படித்துறை, துலாக்கட்டம்தான் ஞாபகம் வந்துச்சு. ஐப்பசி முழுக்க கங்கை முதற்கொண்டு எல்லா நதியும் காவேரில வந்து முழுகுதுன்னு நம்பற ஊரு, நேரத்துக்கு வந்து சேர முடியாத முடவனுக்காக கார்த்திகை ஒண்ணாம் தேதியும் முழுக்கு உண்டுன்னு வெச்சிருக்கற ஊரு. உங்க பொண்ணு அந்த ஊருல கதவு வரையறான்னா எழுதப் போறான்னு அர்த்தம். அதுல துலாக்கட்டம் இருக்கான்னு கேளுங்க, திட்டாம கேளுங்க.

மட்டமான புத்தகமும் நெறைய இருக்கு, மறைக்கல. ஊரு பேரை மட்டும் வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணு, ரெண்டு பையன், ஒருத்தன் காட்டேரின்னு ஏழெட்டு பாகம் இழுப்பாங்க, அதுல எனக்கு மரியாதை கிடையாது. பொண்ணை மெரட்டறதும் பின்தொடர்றதும் காதல்னு காட்டற புத்தகம் வந்தா மட்டும் அவகிட்ட உக்காந்து பேசுங்க, பிடுங்கி வெக்காதீங்க, பிடுங்கினா போன்ல படிப்பா. நீங்க அடுப்படில இருக்கும்போது கதையைச் சொல்லச் சொல்லுங்க, எது எந்த மாதிரி புத்தகம்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.